ஏரி ஸ்கீமில் ஒரு மீனவன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டு நீச்சல் குளத்தில் பாம்பு தென்பட்டால், "பாம்பு வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்கிறோம். யார் யாருடைய வீட்டுக்குள் வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் முகவரியில் தங்கிவிட்டது. பக்கத்தில் அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று தண்ணீர் இறங்கும் சங்கிலி. மீன், தவளை, பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் பாதை.

இந்த ஏரிகளின் பழைய குடி தண்ணீர்ப் பாம்பு. கோபம் வந்தால் கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் படங்களோடு நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். 1799-இல் ஜெர்மானியரான ஷ்னைடர் தண்ணீர்ப் பாம்புக்கு வைத்த பெயர் 'பிஸ்கேட்டர்'. லத்தீனில் மீனவன் என்று பொருள். மீனும் தவளையும் பிடித்துத் தின்கிற பாம்புக்குப் பொருத்தமான பெயர்தானே?

ஏரிக்குச் சரிவான கரை உண்டு. நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டிய செங்குத்துச் சுவர்தான். உள்ளே விழுந்த தவளை ஏற வழியில்லாமல் நீந்தி நீந்தியே செத்துப்போகும். ராத்திரியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுவையுங்கள், அதுவே கரை.

பாம்பு என்றால் கிட்டே போகாமல் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். அடிக்காதீர்கள்; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்ணீர்ப் பாம்புக்கும் பொருந்தும். பட்டா நம் பெயரில் இருக்கலாம். அனுபவ பாத்தியதை அதற்குத்தான் அதிகம்.