வாத்துகளுக்காக எழுதிய பத்திரம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் நடந்த நம் தொலைக்காட்சி அரங்கிற்கு இம்முறை கொடுக்கப்பட்ட தலைப்பு, 'வலசை வரும் காட்டு வாத்துகள் அழிகின்றனவா?' என்பது. தலைப்பை நான் படித்து முடிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "இங்க குளிருதான் வரும், வாத்து எங்கம்மா வருது?" என்று கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

தேயிலைச் சரிவில் வாத்துக்கு வேலை இல்லை. அது தேடுவது ஆழமில்லாத நீரும், நீர்ச்செடியும், வயலும். ஆகவே மலைக்குக் கீழே, சமவெளியில்தான் அதைப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே மாதிரி விருந்தாளியாக வரும் வாத்து ஒன்று உண்டு. தமிழில் அதற்கு நீலச்சிறகி என்று பெயர். கோழியைவிடச் சிறியது, அரைக் கிலோகூட எடை இருக்காது. ஆண் பறவைக்குக் கண்ணுக்கு மேலே பிறை போல ஒரு வெள்ளைப் பட்டை. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் நம் பக்கத்துக்கும் இறங்கிவிடும். பகலில் திறந்த நீர்ப்பரப்பில் கூட்டமாக ஓய்வு. இரவில் வயலில் மேய்ச்சல். அதனால் விவசாயிக்கு இதன்மேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

இது அழிகிறதா? உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. எந்த உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரிக்கும் பட்டியல் அது. அதில் நீலச்சிறகிக்குக் கிடைத்திருப்பது 'கவலை குறைவு' என்ற தரம். அதோடு, எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பலர் முதல் வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அந்தத் தரம் உலகம் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்கள் ஊர்க் குட்டைக்குப் போன ஆண்டு வந்த கூட்டம் இந்த ஆண்டு வந்ததா என்று அது சொல்லாது.

கவலை குறைவு என்பது நிரந்தரப் பட்டமும் அல்ல. இதன் உறவான செந்தலை முக்குளி வாத்தும் ஒரு காலத்தில் அதே தரத்தில்தான் இருந்தது. 2015இல் அதை ஆபத்துக்குள்ளாகும் இனம் என்று மாற்றினார்கள். வடகிழக்கு ஆசியாவில் பிறந்து சீனாவிலும் மியன்மாரிலும் குளிரைக் கழிக்கும் பேயர் முக்குளிப்பானின் கதை இன்னும் மோசம். 2008இல் அருகிவரும் இனம், 2012இல் மிக அருகிவிட்ட இனம். நான்கே ஆண்டில் இரண்டு படி!

இனி நம் கதைக்கு வருகிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கல் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தாத்தா பாட்டி வாயில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. வேடன் தாங்கல் என்றால் வேடர்கள் தங்கிய இடம். பெயரே வேட்டையைச் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ஊர் மக்கள் நேரே கலெக்டரிடம் போய் நின்றார்கள். அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ். 1798 வாக்கில் அவர்களுக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், கிடைத்தது. இந்த ஏரியில் பறவையைச் சுடக்கூடாது என்பதே அதன் சாரம். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள்.

எதற்காகக் கேட்டார்கள்? கருணை இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். கொக்கும் நாரையும் கூடு கட்டும் அந்த ஏரியில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வந்து குளிர்காலத்தைக் கழித்தன. பறவைக்கும் ஊருக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் இது. இருநூறு ஆண்டுக்கு மேலாக அது நிலைத்திருப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே காலக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ராஜஸ்தானத்துப் பரத்பூர் மகாராஜாக்கள் வாத்து சுடுவதற்கென்றே ஏரியைப் பராமரித்தார்கள். 1938 நவம்பர் 12இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. (அதே 1938இல்தான், இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிப்பயணத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. நம் பாட்டன்மாருக்குக் கதவு மூடிய ஆண்டும் அதுதான்!) பின்னால் பரத்பூர் சரணாலயமாகி, 1982இல் தேசியப் பூங்காவானது. ஊராரின் எருமைகள் உள்ளே மேயக்கூடாது என்று தடை போட்டார்கள். கலவரம், துப்பாக்கிச்சூடு, மனித உயிர்கள் போயின. எருமை போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புல் மண்டி நீர்ப்பரப்பையே மூடியது. மேய்ச்சல் வாத்துக்கு நல்லதுதான் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்ட ஆய்வு பிறகு சொன்னது. ஊரைக் கேட்காமல் போட்ட சட்டம் பறவைக்கும் உதவவில்லை.

வேடந்தாங்கலுக்கும் சோதனை வராமல் இல்லை. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்திருந்தார்கள். 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது, முன்மொழிவு கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நம் நாட்டில்? மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலம் நம் பகாங்கிலேயே இருக்கிறது. 1994இல் சேர்ந்த தாசேக் பெரா அது. அங்கே செமலாய் பூர்வகுடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மலையின் மறுபுறம், பேராக் கிந்தாப் பள்ளத்தாக்கில் பழைய ஈய லொம்பாங் குட்டைகள் நீர்ப்பறவைகளுக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் அந்தக் குட்டைகளுக்காக எந்தக் கலெக்டரும் கவுல் எழுதிக் கொடுக்கவில்லை. மீன் வளர்க்கவும் வீடு கட்டவும் குட்டைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பட்டியலில் நீலச்சிறகி கவலை குறைவாகவே இருந்துகொண்டு, இங்கே வராமல் போய்விடலாம்.

கேமரன் மலையிலும் ஓர் ஏரி உண்டு. 1963இல் பெர்த்தாம் ஆற்றில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தபோது உண்டான ரிங்லெட் ஏரி. மேலே காட்டை வெட்டிய மண்ணும் காய்கறித் தோட்டத்து மண்ணும் இறங்கி இறங்கி அது தூர்ந்து வருகிறது. மின்சார வாரியம் செலவு செய்து வாரிக்கொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணைநீரைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனதை இங்குள்ளவர்கள் யாரும் மறக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். "வாத்து வருதோ இல்லையோ, அது தெரியாதும்மா. அணை கட்டுன புதுசுல அந்தத் தண்ணியில கீழ இருக்குற கல்லு தெரியும். இப்போ போய்ப் பாருங்க, பால் தேத்தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.