ஓ.எம்.ஆர். சொல்லும் பாடம்

சென்னை மத்திய கைலாஷில் தொடங்கி தெற்கே சிறுசேரி வரை நீளும் சாலையை எல்லோரும் ஓ.எம்.ஆர். என்றுதான் சொல்கிறார்கள். அரசு வைத்த பெயர் ராஜீவ் காந்தி சாலை. ஒரு புறநகரை வளர்க்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு இந்தச் சாலையின் வரலாறு நல்ல பாடம்.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பிறகு ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. அதே 2000 வாக்கில்தான் நகருக்குள் ஆற்றோரம் இருந்த குடிசைவாசிகளைக் கொண்டுவந்து துரைப்பாக்கம் கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது! வீட்டு வேலை, கூலி வேலை செய்தவர்களுக்கு தினசரி பஸ் செலவே பெரிய சுமையானது.

<b>ரயில் எங்கே போனது?</b>

பறக்கும் ரயில் 1997ல் மயிலாப்பூர் வந்தது, 2004ல் திருவான்மியூர் வந்தது. அடுத்து நேராக ஓ.எம்.ஆரோடு தெற்கே போயிருந்தால் கதையே வேறு. ஆனால் தரமணி தாண்டியதும் மேற்கே திரும்பி 2007ல் வேளச்சேரியில் போய் நின்றது. ஓ.எம்.ஆருக்குக் கிடைத்தது ஆறுவழிச் சாலையும் சுங்கச்சாவடிகளும்தான். உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊருக்குள் போக வரவே காசு கொடுத்தார்கள். நான்கு சாவடிகளில் வசூல் நின்றது 2021ல், நாவலூரில் 2023ல்.

<b>திட்டம் எப்போது வந்தது?</b>

சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் வந்தது 1976ல். இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில். அதாவது டைடல் பூங்கா திறந்து எட்டு வருடம் கழித்து! அதற்குள் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. அப்போது இந்த ஊர்களெல்லாம் பேரூராட்சிகள், ஊராட்சிகள். சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011ல்தான். பல அடுக்குமாடிகள் தண்ணீர் லாரியை நம்பியே இருந்தன.

இதில் அதிகம் நஷ்டப்பட்டது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டிடமாகவும் மாறிய பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2015 வெள்ளத்தில் வீடுகளுக்குள் வந்தது. மிச்சமிருக்கும் பகுதிக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது 2022ல்.

2020 நவம்பரில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான வழித்தடம் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. அதற்காக, போட்ட சாலையின் நடுவிலேயே மறுபடி தோண்டினார்கள். முதலிலேயே இடம் விட்டிருந்தால் இரட்டைச் செலவு மிச்சம்.

சாலை போட்டதில் தவறில்லை. அதனால் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது உண்மை. தவறு வரிசையில் இருக்கிறது. மழைநீர் வழி, குடிநீர், ரயில் முதலில். கட்டிடம் அதன் பிறகு. இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது. வருமானத்தை முதல் வருடமே கணக்கில் எழுதிவிட்டு, செலவை அடுத்த தலைமுறையின் பற்றில் எழுதியது போல!

நகரத்தைச் சுற்றி அடுத்து வளரப்போகும் ஊர்களுக்காவது இந்த வரிசை மாறட்டும்.