செஞ்சிக் களஞ்சியமும் வீட்டுத் தொம்பையும்

செஞ்சிக் கோட்டை என்றதும் நமக்கு ராஜா தேசிங்கு ஞாபகம்தான் வரும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவர் மடிந்த கதையைக் கேட்காத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. கோட்டைக்குப் போனால் ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குக் கிட்டத்திலே இருக்கும் களஞ்சியத்தையும் நின்று பாருங்கள். தடித்த சுவர், வளைவான கூரை. மதிலுக்குச் செலவழித்த அக்கறையைத் தானியத்துக்கும் செலவழித்திருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. 1690-ல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல்தான். நடுவிலே ஒரு கட்டத்தில், மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து தானிய வரத்தை மறித்துவிட்டது. கோட்டையைச் சூழ்ந்து நின்றவர்களே பட்டினி கிடந்து, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். பீரங்கி இருந்தும் என்ன பிரயோஜனம்? சோறு இல்லையே!

கோட்டைக்குக் களஞ்சியம் என்றால் குடியானவன் வீட்டுக்குத் தொம்பையும் குதிரும். நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு, வாயைச் சாணி மண்ணால் மெழுகி வைப்பார்கள். கேழ்வரகில் சீக்கிரம் பூச்சி விழாது. வருஷக் கணக்கில் கெடாது. வரகும் சாமையும் உமியோடு இருந்தால் நெடுநாள் தாங்கும். மழை பொய்த்த வருஷம் உயிரைக் காத்தது அந்தக் களியும் கூழும்தான்.

பிறகு காலம் மாறியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. வானொலியில் கேட்டுப் பயிர் வைத்ததால் தஞ்சைப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். 1966-ல் ஐ.ஆர். 8 வந்தது. குறுகிய நாளில் கூடுதல் விளைச்சல், பஞ்சம் தீர்ந்தது. அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். ஆனால் ஆறு மாதம் நிற்கும் காட்டுயானம் யாருக்கு வேண்டும்? வரகுக்கு உமி நீக்கக் கை வலிக்கும். ரேஷன் அரிசி சுலபம். மானாவாரியில் மல்லாட்டை காசு தந்தது. இப்படித்தான் பழைய விதைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று போயின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல் களஞ்சியம் முன்னூறு வருஷம் தாண்டியும் நிற்கும். 2025-ல் யுனெஸ்கோவே கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. விதைக்கு அப்படி இல்லை. சும்மா பானையில் வைத்தால் சில வருஷத்தில் முளைப்பு போய்விடும். விதைத்து, அறுத்து, தின்றால்தான் விதை பிழைக்கும். 'நெல்' ஜெயராமன் செய்ததும் அதுதான். 2006 முதல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, கொஞ்சம் விதை கொடுத்து, மறு வருஷம் கூடுதலாய்த் திருப்பி வாங்கினார். 2018-ல் அவர் மறைவதற்குள் 170-க்கு மேற்பட்ட ரகங்கள் மீண்டன.

நீங்களும் பத்து சென்ட் ஒதுக்குங்கள். வயலின் நடுவில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அறுத்து, நன்றாகக் காயவைத்து எடுத்துவையுங்கள். கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். கம்பு அப்படியல்ல, பக்கத்து வயல் வீரிய ரகத்தின் மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிடும். நாட்டுக் கம்பை எட்டத்தில் போடுங்கள், அல்லது பூக்கும் நாளை முன்பின்னாக மாற்றுங்கள். 2001-ஆம் வருஷச் சட்டப்படி நம் ரகத்தை உழவர் பெயரிலேயே பதிவு செய்யவும் வழி உண்டு.

விதை மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும். கூழுக்கு எத்தனை நாள் புளிக்க வேண்டும், சாமைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் வீட்டுப் பெரியம்மாக்களின் கையில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழ் நம் நிலத்துக் கம்பாகவோ கேழ்வரகாகவோ இருக்கட்டும். வருஷம் ஒருமுறையாவது அந்த விதை மண்ணைப் பார்க்கும்.