உறைந்த பாமும் ஒரு ஜெம் கிளிப்பும்

பாம் நிறுவனத்தின் பைலட் கையடக்கக் கணினி 1996-ல் வந்தது. முகவரிகள், நாட்குறிப்பு எல்லாமே அதன் ராம் நினைவகத்தில்தான் இருந்தன. பின்னாளில் மடக்கு விசைப்பலகை போன்றவற்றுக்காகப் பொருந்தாத டிரைவர் ஏற்றினால் திரை உறைந்துவிடும். முதுகிலுள்ள துளையில் ஜெம் கிளிப்பால் குத்தி ரீசெட் செய்தாலும் அதே டிரைவர் எழுந்து மறுபடி உறையவைக்கும்.

மேல் ஸ்க்ரோல் பொத்தானை அழுத்தியபடி ரீசெட் செய்வதே சரியான வழி. அப்போது பிறர் எழுதிய டிரைவர்கள் எழாமல் கருவி மட்டும் விழிக்கும். டிரைவரை நீக்கிவிட்டால் தகவல் பிழைக்கும். பவர் பொத்தானோடு ரீசெட் செய்தால் கதையே வேறு. எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கருவி கேட்கும். ஆம் என்பதற்கும் அதே மேல் பொத்தான்தான்! காப்பாற்றும் பொத்தானையே அழிப்பதற்கும் வைத்தது விபரீத யோசனை. ஹாட்சிங்க் செய்து மேசைக்கணினியில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

2004-ல் வந்த டங்ஸ்டன் டி5-இல் ஃப்ளாஷ் நினைவகம் இருந்ததால் பேட்டரி தீர்ந்தாலும் தகவல் தங்கியது. ஹார்டு ரீசெட் மட்டும் அதிலும் தகவலை அழித்தது.