ஒரே வண்டி, இரு கட்டணம்

ஆர்.கே.பேட்டையில் அண்ணனும் சென்னையில் தம்பியும் ஒரே ஆண்டில், ஒரே வகையான, ஒரே விலையுள்ள மோட்டார் கார்களை வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும்போது இருவரும் கட்டும் தொகை ஒன்றாக இருப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் சென்றால் வேறுபாடு ஆயிரக்கணக்கில் பெருகிவிடவும் கூடும். கம்பெனி தங்களை ஏமாற்றிவிட்டது என்று மனம் நொந்துகொள்வோர் நம்மில் பலர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே பாலிசித் தாளில் இரண்டு வெவ்வேறு கடமைகள், இரண்டு வெவ்வேறு வரலாறுகளோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. அதுவே இவ்வேறுபாட்டின் வேர்.

முதற்கடமை, நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் உடற்சேதத்துக்கும் ஈடு செய்வது. ஈடு செய்யும் பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது உலகுக்குப் புதிதன்று. பண்டைய அரபகத்தில் ஒருவன் வேண்டுமென்றல்லாது தவறுதலாகப் பிறிதோர் உயிரைப் போக்கிவிட்டால், உயிரீட்டுத் தொகையான நூறு ஒட்டகங்களை அவனுடைய குலத்தார் பகிர்ந்து கொடுத்தனர். அவர்களுக்கு ‘ஆகிலா’ என்று பெயர். ‘அக்ல்’ என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். ஈட்டு ஒட்டகங்களை இறந்தவரின் உறவினர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்க் கட்டியதால் இப்பெயர் வந்தது என்பர் அறிஞர். இஸ்லாம் இவ்வழக்கை நிலைநிறுத்தியது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களுக்கான பதிவேட்டை ஏற்படுத்தியபின், ஒரே பதிவேட்டைச் சேர்ந்தோரே ஆகிலாவாயினர் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் கருத்து. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பங்கு கொடுத்தவர் நிதானமானவரா, முரடரா என்று எவரும் ஆராயவில்லை. ஈடு, பாதிக்கப்பட்டவரின் வீட்டை அடைய வேண்டும் என்பதே நோக்கம்.

(இன்றைய வாணிப இன்ஷூரன்ஸ் ஆகுமா, ஆகாதா என்பது தனி ஆராய்ச்சி. 1836-இல் காலமான திமிஷ்கு நகரத்து இப்னு ஆபிதீன் அவர்களே கடல் வணிகரின் இன்ஷூரன்ஸை ‘சவ்கரா’ என்னும் பெயரால் குறித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் இப்போது நாம் புகவில்லை.)

மோட்டார் வண்டி பெருகிய காலத்தில், வண்டிக்காரரிடம் பணமில்லை என்ற காரணத்தால் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு திரும்பும் கொடுமையும் பெருகியது. இங்கிலாந்து 1930-இல் சட்டமியற்றி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-இல்தான். அப்போது நம் ஆர்.கே.பேட்டை சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திரத்தோடு போய், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பகுதியோடு சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லை இருமுறை மாறியும் இக்கடமை மாறவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இப்பகுதிக்கான கட்டணத்தைக் கம்பெனி தன் விருப்பப்படி வைக்க முடியாது. 2022 ஜூன் 1 முதல் அரசு நடைமுறைப்படுத்திய அட்டவணைப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. அண்ணனுக்கும் தம்பிக்கும் இதில் ஒரு காசும் வேறுபாடில்லை. இருபதாண்டு விபத்தின்றி ஓட்டியவரும் நேற்று லைசென்ஸ் வாங்கியவரும் இங்கே சமம்.

வேறுபாடெல்லாம் இரண்டாம் பகுதியில், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான். 1973-இல் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமாகி, 107 நிறுவனங்கள் நான்கு கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கம்பெனிகள் தனித்தனியாயினும் கட்டண அட்டவணை ஒன்றே. 2002-ஆம் ஆண்டு அகில இந்திய அட்டவணை, சென்னை உள்ளிட்ட எட்டு மாநகரங்களை ‘ஏ’ மண்டலமாகவும் நாட்டின் பிற பகுதிகளை ‘பி’ மண்டலமாகவும் பிரித்தது. ஆர்.கே.பேட்டையும் எல்லைக்கு அப்பாலுள்ள நகரியும் ‘பி’யே, மாநில எல்லை அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டுக்குட்பட்ட சிறிய காருக்கு ‘ஏ’யில் மதிப்பில் 3.127 சதவீதம், ‘பி’யில் 3.039 சதவீதம். நான்கு லட்ச ரூபாய்க் காருக்குத் தம்பி 12,508 ரூபாய், அண்ணன் 12,156 ரூபாய். ஊரால் வந்த வேறுபாடு 352 ரூபாய்தான்.

பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது? நஷ்டஈடு கோராத ஆண்டுகளுக்கான சலுகையிலிருந்து. ஓராண்டு கோராதிருந்தால் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும். பின்னர் 25, 35, 45, ஐந்தாண்டு முடிவில் 50. அண்ணனின் 12,156 ரூபாயில் பாதி, 6,078 ரூபாய், இதனாலேயே போய்விடும். ஒருமுறை கோரினாலோ மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்விளக்கு உடைந்து பட்டறையில் இரண்டாயிரம் ரூபாய் கேட்டால், கம்பெனியிடம் போவதற்கு முன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தனிக்கட்டணம் கட்டிச் சலுகையைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடும் இப்போது உண்டு.

இச்சலுகை வண்டிக்குரியதன்று, உடையவருக்குரியது. பழைய காரை வாங்குவோருக்கு அது சேராது. உடையவர் புதுக் கார் வாங்கினால் கூடவே வரும். பாலிசி முடிந்து 90 நாட்கள் கடந்தால் மறைந்துவிடும். உடையவர் காலமானால் வண்டியோடு அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். அயல்நாட்டில் ஈட்டிய சலுகையையும், அங்குள்ள பாலிசி முடிந்த மூன்றாண்டுகளுக்குள் சான்று காட்டினால் ஏற்றுக்கொள்ள 2002 விதிகள் இடமளித்தன. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் திரும்பிய நம் குடும்பத்தினருள் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பெற்றனரோ! இன்னொரு வேடிக்கை: தகப்பனாரின் காரை மகன் கொண்டுபோய் மோதிவிட்டு வந்தாலும் சலுகையை இழப்பவர் தகப்பனாரே. உண்மையில் ஓட்டியவர் யாரென்று அது கேட்பதில்லை.

பிறநாடுகளில் ஓட்டுபவரையே எடைபோடும் வழக்கம் மிகுதி. இங்கிலாந்தில் இளைஞருக்குக் கட்டணம் மிக அதிகம். பெண்களுக்குக் குறைத்து வாங்கும் முறையை 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாதென்றது. கலிபோர்னியா மக்களோ 1988-இல் வாக்களித்து, ஒருவர் ஓட்டிய வரலாற்றையே முதல் அளவுகோலாக்கினர். பிறந்த தேதியைவிட நடத்தையைப் பார்ப்பது நீதிக்கு நெருக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் 2007 ஜனவரி 1-இல் சொந்தச் சேதக் கட்டணத்தின் பொது அட்டவணை நீங்கியது; அன்றுமுதல் ஒரே காருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுகிறது. நாலு இடத்தில் விசாரியாமல் புதுப்பிப்போர் இழப்பது இங்கேதான். 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் மேலும் ஓர் அடி வைத்தது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓட்டப்பட்டது என்பவற்றைப் பார்த்துக் கட்டணம் குறைக்கும் திட்டங்களுக்கு இசைவளித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் மாதமொருமுறை திருத்தணிக்கும் மட்டும் காரை எடுக்கும் அண்ணன், நாள்தோறும் அண்ணா சாலை நெரிசலில் ஊரும் தம்பியைவிடக் குறைவாகக் கட்ட இப்போது இடம் உண்டு. ஆனால் அத்திட்டம் வேண்டுமென்று அவரே கேட்டாக வேண்டும்.