கேரட் ஜார்ஜும் டர்னிப் ஜார்ஜும்

எடின்பரோவிலிருந்து வந்துகொண்டிருந்த பிளாக்வுட்ஸ் மாத இதழ், 1842-ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரை மீனவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. பக்கி என்னும் ஊரில் ஜார்ஜ் கௌயி என்ற பெயரில் மட்டும் 25 பேர் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு செய்தி. ஆளைப் பிரித்தறிய ஊரே ஒரு வழி கண்டிருந்தது. ஒருவர் ஜார்ஜ் கௌயி டூடுல், இன்னொருவர் ஜார்ஜ் கௌயி கேரட், மற்றொருவர் ஜார்ஜ் கௌயி டர்னிப்.

பட்டப்பெயர் நமக்கொன்றும் புதுச் சங்கதி இல்லை. அது இல்லாத தெரு ஏது? ஆனால் பக்கி இருக்கும் மோரே வளைகுடாக் கரையில் அது வாய்ப்பேச்சோடு நிற்காமல் கடைக்கணக்கில் ஏறியது. அப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சொத்துபோலக் கைமாறியது. வாக்காளர் பட்டியலுக்குள்ளும் நுழைந்தது. முப்பாட்டன் யார் என்று இன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்து தேடுகிறவர்களுக்கு அதுதான் துருப்புச் சீட்டு.

இந்தப் பெயர் நெரிசலுக்கு முதல் காரணம் நிலக்கிழார்கள். கடலோர நிலத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று, ஏற்கெனவே மீன் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்களை அழைத்துவந்து ஊர் ஊராக நட்டார்கள். போர்ட்நாக்கி 1677-ல் உண்டானது. 1716-ல் ஃபின்டாக்டியில் குடியேறியவர்கள் ஃபிரேசர்பரோவிலிருந்து வந்த 13 ஆண்களும் 4 சிறுவர்களும். 1727-ல் போர்ட்டெஸியில் ஃபின்ட்ஹார்ன் மீனவர்களுக்காகக் கட்டப்பட்டவை ஐந்தே வீடுகள். ஐந்து வீட்டில் எத்தனை குடும்பப்பெயர் இருந்துவிடும்? இந்த ஊர்களும் பக்கியும் எல்லாமே ராத்வென் என்ற ஒரே சபை வட்டாரத்துக்குள் அடக்கம்.

வந்தவர்கள் நினைத்தபோது கிளம்பிவிடவும் முடியாது. படகு நிலக்கிழாருடையது, ஆளும் கிட்டத்தட்ட அவருடையவர்தான். தெற்கே ஆக்மித்தியிலிருந்து சில மீனவர்கள் பக்கத்து ஆர்ப்ரோத்துக்குக் குடிபெயர்ந்தபோது, 1705-ல் நார்த்தெஸ்க் பிரபு சட்டத்தின் துணையோடு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்ப்ரோத் நகரமே அதே ஆக்மித்திக் குடும்பங்களை வருந்தி அழைத்தது. அவர்கள் தங்கள் குடும்பப்பெயர்களோடு மீனைப் புகைபோடும் கைப்பக்குவத்தையும் கொண்டுவந்தார்கள். ஆக்மித்தியில் பிறந்த அந்தப் பண்டம் இன்று உலகெங்கும் ‘ஆர்ப்ரோத் ஸ்மோக்கி’ என்றே விலைபோகிறது. பெயர் விஷயத்தில் ஆக்மித்திக்கு நேர்ந்த இந்த அநியாயத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது காரணம் தாத்தா. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். ஸ்காட்லாந்து முழுக்கப் பரவியிருந்த வழக்கம் இது. ஒரு ஜார்ஜ் கௌயிக்கு நான்கு மகன்கள் என்று வையுங்கள். நால்வரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு ஜார்ஜ் என்றே பெயரிட்டால், ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில், நான்கு குட்டி ஜார்ஜ் கௌயிகள்! அடுத்த தலைமுறையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் கல்யாணம். நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய நூற்றுக்கணக்கான தூண்டில் முள்களுக்குச் சிப்பிச் சதையை இரையாகக் கோத்துத் தருவது மனைவியின் வேலை. மீனைக் கூடையில் சுமந்துபோய் விற்பதும் அவளே. புருஷனின் பாதம் நனையாமல் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு படகில் ஏற்றிவிடும் பெண்களை அன்று அந்தக் கரையெங்கும் பார்க்க முடிந்தது. உழவர் வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று மீனவர்கள் மீனவர் வீட்டிலேயே பெண் எடுத்தார்கள். ஆகவே மணமகளும் பெரும்பாலும் ஒரு கௌயியோ ஒரு ஸ்மித்தோ.

இந்தச் சிக்கலைத் தேவாலயப் பதிவேடு தீர்த்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய சபைப் பதிவேடு எரல் என்ற ஊருடையது, 1553-ல் தொடங்குகிறது. ஆனால் எல்லா எழுத்தரும் ஒழுங்காக எழுதவில்லை. 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வந்தது. 1794-ல் அது நீக்கப்படும்வரை பலர் பதிவதையே தவிர்த்தார்கள். 1843-ல் சபை இரண்டாக உடைந்தபோது, பிரிந்துபோனவர்களின் ஞானஸ்நானங்கள் பழைய ஏட்டில் ஏறவில்லை. மீனவர்களிலும் பலர் பிரிந்துபோனவர்கள் பக்கமே இருந்தார்கள்.

ஏடு எழுதுவதில் உண்மையான அக்கறை காட்டியவர் மளிகைக் கடைக்காரர். கடன் கொடுத்தவருக்கு எந்த ஜார்ஜ் என்பது உயிர்போகும் விஷயமல்லவா? அதே 1842 கட்டுரைப்படி, பற்றுநோட்டில் ஆளின் பட்டப்பெயரைக் கட்டாயம் குறித்தார்கள். கல்யாணமானவர் என்றால் மனைவி பெயரும் சேரும், ஆகாதவர் என்றால் பெற்றோர் பெயர். அழகன், பெருங்காதன், பொக்கைவாயன், ராஜா, நகரத்தலைவர் என்று பக்கம் பக்கமாகக் கடன். ஒரு நல்ல வம்சாவளிப் பதிவாளர் கேட்கவேண்டிய எல்லாக் கேள்வியையும் உப்புக்கும் மாவுக்கும் கணக்கு எழுதியவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கட்டுரை சொல்லும் ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் மீனவ ஊருக்கு வந்து, அலெக்சாண்டர் ஒயிட் வீடு எது என்று ஒரு பெண்ணிடம் கேட்கிறார். எந்த ஒயிட் என்கிறாள். பெரிய ஒயிட். எந்தப் பெரிய ஒயிட்? நெட்டையான பெரிய ஒயிட். அதிலும் எவர்? மாறுகண் உள்ளவர் என்றதும் அவளுக்குப் பிடிபடுகிறது. ‘வானம்பார்த்தான்’ என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரைச் சொல்லி, ஆளின் சரியான பெயரைச் சொல்லிக் கேட்பதற்கென்ன என்று கடிந்துகொள்கிறாளாம்.

பயமும் பட்டப்பெயரை வளர்த்தது. நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்த வால்டர் கிரெகர் என்ற போதகர் 1881-ல் எழுதியதன்படி, பக்கி மீனவர்கள் ராஸ் என்ற குடும்பப்பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். காதில் விழுந்தால் துப்பிவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பெயருள்ளவரைச் சுற்றிவளைத்தோ பட்டப்பெயராலோதான் குறிப்பிடவேண்டும். ஹெர்ரிங் மீன்பிடிப் பருவத்தில் ராஸ் என்ற ஆளைக் கூலிக்கு எடுக்கவும் தயக்கம். பாவம் அந்த ராஸ்கள், அவர்கள் குடும்பத்தைத் தேடுகிறவர்களும் பாவம்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது 1855 ஜனவரி 1-ல். அன்று தொடங்கிய கட்டாயப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்டது: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்களுடைய மற்ற பிள்ளைகள். வேலைப்பளு தாங்காமல் மறு ஆண்டே பல கேள்விகளைக் கைவிட்டார்கள். 1855-ல் பிறந்த முன்னோர் வாய்த்தவரைத் தேடல்காரர்கள் பொறாமையோடு பார்ப்பது இதனால்தான். பட்டப்பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதிய பதிவாளர்களும் இருந்தார்கள், மளிகைக் கடைக்காரரின் சீடர்கள்.

பிறகு ஹெர்ரிங் எல்லோரையும் ஊர்சுற்ற வைத்தது. மீன் கூட்டத்தின் பின்னால் படகுகள் வடக்கே ஷெட்லாண்டின் லெர்விக்கிலிருந்து இங்கிலாந்தின் கிரேட் யார்மத் வரை இறங்கின. கரையில் பெண்கள் ரயிலேறிப் பின்தொடர்ந்தார்கள். மூவர் ஒரு குழு: இருவர் மீன் ஆய, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்க. ஜெர்மனியும் ரஷ்யாவும் வாங்கித் தின்ற அந்த உப்பு மீன் வியாபாரம் 1913-ல் உச்சம் தொட்டது. ஒரு ஊர்ப் பெண்ணும் எங்கோ ஒரு ஊர்ப் பையனும் யார்மத் உப்பு முற்றத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்தார்கள். அந்தக் குடும்பத்தைத் தேடுபவர் மீன் போன வழியைத்தான் பிடிக்கவேண்டும்.

இந்தப் பயணத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு கட்டுக்கதையும் உண்டு. மீனவர் அணியும் கம்பளிச் சட்டையில் குடும்பத்துக்கொரு பின்னல் வடிவம், மூழ்கியவர் கரை ஒதுங்கினால் அதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பார்கள். 1881 அக்டோபர் 14 புயலில் ஐமவுத் ஊரும் அதைச் சுற்றிய கரையும் 189 பேரை இழந்தது போன்ற துயரங்கள் இருக்கும்போது நம்பத்தான் தோன்றும். சிலர் சட்டையில் பெயரின் முதலெழுத்தைப் பின்னியது உண்மை. ஆனால் வடிவம்? மீன் ஆயும் பெண்கள் ஓய்வில் பின்னியபடியே ஒருவர் வடிவத்தை இன்னொருவர் காப்பியடித்துக்கொண்டே இருந்தார்கள். கதைக்கு உரம் போட்டது 1904-ல் மேடையேறிய ஜான் சிங்கின் ஓர் அயர்லாந்து நாடகம். அதில் இறந்தவனை அடையாளம் காட்டுவது காலுறையின் பின்னல் கண்ணிகள். நூல்கண்டு விற்ற ஹைன்ஸ் கீவே 1967-ல் புத்தகமே போட்டுப் பின்னலுக்குப் புனித வரலாறு கற்பித்தார். இன்றும் ‘உங்கள் குடும்ப வடிவம்’ என்று விற்கிறார்கள். வாங்கி உடுத்தலாம், வம்சத்துக்குச் சாட்சியாக வைக்கவேண்டாம்.

பழைய சபைப் பதிவேடுகளோ அட்லாண்டிக்கைத் தாண்டின. இறந்த முன்னோருக்கும் ஞானஸ்நானம் செய்விக்கலாம் என்பது மார்மன் சபையாரின் நம்பிக்கை. அதற்குப் பெயர்கள் வேண்டும். எனவே அவற்றை நுண்படம் எடுத்து, அமெரிக்காவின் யூட்டாவில் கிரானைட் மலையைக் குடைந்த பெட்டகத்தில் வைத்தார்கள். கடல் தாண்டாத பக்கி மீனவரின் பெயர் பாலைவன மலைக்குள் பத்திரமாக இருக்கிறது. 2002 முதல் ஸ்காட்லாந்தின் பதிவேடுகளைத் தேட ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ இணையத்தளமும் வந்துவிட்டது.

தேடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிறப்புப் பதிவின் படத்தை இணையத்தில் பார்க்க 100 ஆண்டும், திருமணத்துக்கு 75 ஆண்டும், இறப்புக்கு 50 ஆண்டும் கடந்திருக்கவேண்டும். அதனால் இறப்பிலிருந்து பின்னோக்கிப் போவதே நல்லது. 1855-க்குப் பிந்தைய இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். தாய் பெயரைப் பிடித்துவிட்டால் 25 ஜார்ஜ் கௌயிகளில் பெரும்பாலானவர்கள் விலகிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்களுக்குப் பட்டப்பெயரைத்தான் கேட்கவேண்டும்.