குடிநோய் மரபணு: ஒரு தேடலின் வரலாறு

1990 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கென்னத் புளும், எர்னஸ்ட் நோபிள் ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இறந்தவர்களின் 70 மூளைகள் அதில் ஆராயப்பட்டன, பாதி குடிநோயாளிகளுடையவை. டோபமைன் டி2 ஏற்பி மரபணுவின் ஏ1 என்னும் வடிவம் குடிநோயாளிகளில் 69 விழுக்காட்டினரிடம் இருந்தது. மற்றவர்களில் 20 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. டோபமைன் மூளையில் நாட்டத்தைத் தூண்டும் வேதிப்பொருள் என்பதால் விளக்கமும் எளிதாகப் பொருந்தியது. குடிநோய்க்கான மரபணு அகப்பட்டுவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், அதே இதழில், வேறொரு குழு அத்தகைய தொடர்பைக் காணவில்லை என்று எழுதியது. ஏ1 வடிவத்தின் பரவல் இனக்குழுவுக்கு இனக்குழு பெரிதும் மாறுபடும். ஒப்பிடப்படும் இரு தரப்பினரின் வம்சாவளி ஒத்திராவிட்டால், நோயோடு உறவில்லாத வேறுபாடும் நோயின் காரணம்போலத் தோன்றிவிடும். போதாக்குறைக்கு, அந்த வேறுபாடு டி2 மரபணுவில் அல்ல, அதன் பக்கத்து மரபணுவில் இருப்பது 2004இல் தெரியவந்தது. பெயரே தவறாக வைக்கப்பட்டிருந்தது.

குடியை விட்டவர் மீண்டும் குடிக்கத் தொடங்க மன அழுத்தம் ஒரு முக்கியத் தூண்டுதல். எனவே அழுத்தத்தைத் தாங்கும் திறனுக்கும் மரபணு தேடப்பட்டது. 2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த 847 பேரை ஆராய்ந்த அவ்ஷலோம் காஸ்பி குழு, செரட்டோனின் கடத்தி மரபணுவின் குறுகிய வடிவம் உடையோர் வாழ்க்கை இடர்களின்போது எளிதில் மனச்சோர்வடைகின்றனர் என்றது. 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை அதை உறுதிசெய்யவில்லை. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவும் கைகொடுக்கவில்லை.

நிலைத்து நின்றது கிழக்காசியாவில் கண்ட மரபணுதான். ஏஎல்டிஎச்2 நொதி, மது உடலில் மாறி உண்டாகும் அசெட்டால்டிகைடு என்னும் நச்சைச் சிதைக்கிறது. அந்நொதி குறைந்தவர்களுக்குச் சிறிது குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். ஆகவே அவர்கள் குடிநோயாளிகள் ஆவது அரிது. ஆனால் ஜப்பானியக் குடிநோயாளிகளில் இக்குறை மரபணுவின் ஒரு படியை உடையோர் 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியது குடிக்கும் வழக்கம். வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு அமர்ந்து குடிக்கும் மாலைகளில், முகம் சிவந்தவரும் கோப்பையை மறுக்க இயலவில்லை.